இரைச்சல் நீக்கிய பாட்டு

நாகமலை புதுக்கோட்டை ஹரிநாராயணனின் விசிட்டிங் கார்டில் 'மலைப்பாட்டுக் காவலர்' என்று போட்டிருக்கும். பட்டத்தைக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். கார்டை அச்சடிக்கச் சொன்னவரே தனக்குக் கொடுத்துக்கொண்டதுதான். இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றதும் மைக்கைத் தூக்கிக்கொண்டு நத்தம் பக்கத்து மலைக்குப் போய்விட்டார் மனுஷன்.

அங்கே தேன் எடுக்கிற காளை என்பவரின் பாட்டைப் பதிவு செய்தார். பாறையில் கயிற்றைக் கட்டித் தொங்கியபடி காளை ஓர் அடி பாடுவார். மேலே கயிற்றைப் பிடித்திருக்கும் மச்சான் காசிமாயன், "இருக்கேன்" என்று குரல் கொடுப்பார். அது காதில் விழுந்தால்தான் அடுத்த அடி. கயிறு பிடிக்க அங்கே மச்சானைத்தான் நம்புவார்கள். தங்கச்சி புருஷன் தொங்கும்போது எவன் கையை விடுவான்?

வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டியவருக்கு அந்த 'இருக்கேன்' நாராசமாக இருந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இருமலை, காற்றை, காசிமாயனை எல்லாம் வழித்துப் போட்டார். இடத்தை அடைக்கிறதென்று அசலையும் அழித்தார். பாதுகாப்பதில் அவ்வளவு அக்கறை.

ஆடி மாதம் காசிமாயன் காய்ச்சலில் போய்விட்டார். காளை போன் செய்தார்.

"சார், மச்சான் சத்தம் உங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு. என் வீட்டுக்காரி ஒருக்கா கேக்கணுங்குறா. கூட்டிட்டு வாரேன்."

ஹரிநாராயணன் காதில் விழுந்தது 'கேக்கணும்' என்ற ஒரு வார்த்தைதான். தலைகால் புரியவில்லை அவருக்கு. பொன்னாடை வாங்கினார், தெருவில் நாலு பேரை அழைத்தார், மனைவி ஸ்யாமளாவைக் கேசரி கிண்டச் சொன்னார்.

காளையும் மனைவி மீனாவும் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் மாறி வந்து சேர்ந்தார்கள். காளைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மீனா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். பாட்டு ஓடியது. கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி அப்படியொரு சுத்தம். ஓர் அடி முடிவதற்குள் அடுத்த அடி வந்து ஒட்டிக்கொண்டது. தெருக்காரர்கள் கைதட்டினார்கள்.

மீனா ஸ்பீக்கரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"எங்கண்ணன் எங்கங்க?"

"அந்த டிஸ்டர்பன்ஸ் எல்லாத்தையும் எடுத்தாச்சும்மா," என்றார் ஹரிநாராயணன். அதையும் பெருமையாகச் சொன்னார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

காளை பொன்னாடையைக் கழற்றி மடித்து மேஜையில் வைத்தார்.

"மேல ஆளில்லாம என்னையத் தொங்க விட்டுட்டீங்களே சார்."