சுகந்தி அக்கா சொல்லாமல் விட்டது

பள்ளிக்கூட இடைவேளையில் அம்மா தொலைபேசியில் வந்தார். "சுகந்தி அக்கா போயிட்டா, பிள்ளை. வேலைக்கு வெளிக்கிட்டவ, வாசல்லயே விழுந்திட்டா. இதயமாம்." எனக்கு அழுகை வரவில்லை. முதலில் பயம்தான் வந்தது. போன வருடம் பனிக்கட்டியில் நடந்தது தெரிந்த இரண்டு பேரில் இனி நான் மட்டும்தான் மிச்சம்.

"முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீயும் ரெண்டு வரி எழுது. நீதானே அவவோட பகிடி விடுறனி" என்று அவருடைய கணவர் ரவி அண்ணை கேட்டார். இரண்டு வரியில் முடியாது, அண்ணை. பகிடியாகவும் முடியாது.

ஜேர்மனியில், ஹம் நகரில் எங்கள் மேல்மாடியில் இருந்த அக்காவுக்கு நாய் என்றால் குலை நடுக்கம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பூனை அளவு நாய் வந்தாலும் வீதியின் மறுபக்கம் போய்விடுவார். அவர் வேலை செய்த முதியோர் இல்லத்துக்கு ஒரு ஜேர்மன் பெண்மணி வந்து சேர்ந்தபோது, அவருடைய நாய் புறூனோ விலங்குக் காப்பகத்துக்குப் போனது. அந்தப் பெண்மணியின் அழுகையைப் பொறுக்காமல், சனிக்கிழமைகளில் புறூனோவை நடக்கக் கூட்டிப்போய்ப் படம் எடுத்து வந்து காட்டுவதாக அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார். அன்று பின்னேரமே எங்கள் கதவைத் தட்டினார்.

"வாய் குடுத்திட்டன், பிள்ளை. நான் நாயைப் பிடிக்கிறன், நீ என்னைப் பிடி."

நாயோடு நடக்கப் போவதை ஜேர்மன்காரர் 'காஸி' போவது என்பார்கள். "எல்லாரும் புண்ணியத்துக்குக் காசிக்குப் போவினம், நீங்கள் நாய்க்குப் போறியள்" என்பேன். "உன்னைக் கூட்டிக்கொண்டு போற காசியில பாவம்தான் சேரும், குரங்கே" என்பார்.

நாயின் வாரைக் கையில் சுற்றக் கூடாது என்பது காப்பகத்தின் முதல் விதி. அக்கா மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றுவார். நாய் கடிப்பதைவிட, கைவிட்டு ஓடிவிடும் என்பதே அவருக்குப் பெரிய பயம். "நம்பித் தந்த சீவன். துலைஞ்சா ஆர் பதில் சொல்லுறது?"

போன வருடம் மார்ச் மாதத் தொடக்கம். மாரியில் லிப்பே ஆறு பெருகி, புல்வெளிகளில் ஏறி உறைந்திருந்தது. அன்று வெயில். மரங்கள் சொட்டின, பாதை சேறாகிவிட்டது. நான் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்து, ஒரு தடியைப் பனிக்கட்டி மேல் எறிந்தேன். புறூனோ இழுக்க, அக்கா சேற்றில் விழுவார், நான் அதைப் படம் பிடிப்பேன். திட்டம் அவ்வளவுதான்.

புறூனோ பாய்ந்தது. மூன்று சுற்று வார் கழலவில்லை. அக்கா முழங்காலில் இழுபட்டுக் கரையைத் தாண்டிப் போனார். பாரமான கதிரையைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம். பனிக்கட்டி உடைந்து, அக்கா நெஞ்சளவு தண்ணீரில்.

நான் சிரித்தேன். முந்தின கிழமை அவர் விழுந்தது போல நடித்து, பதறி ஓடிப்போன என் முகத்தில் சேறு எறிந்திருந்தார். இதுவும் அதுதான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே படம் பிடித்தேன். பிறகுதான் கண்டேன்: அவருடைய வாய் திறந்து திறந்து மூடியது, குரல் வரவில்லை.

ஓடினேன். அப்போது குரல் வந்தது. "வராதை! ரெண்டு பேரும் செத்தால் ஆர் நாயைக் கொண்டுபோய் விடுறது? அங்கயே நிண்டு புறூனோவைக் கூப்பிடு!"

எந்த நேரமும் என் வாய் ஓயாது. அன்று மூன்றாம் தடவைதான் புறூனோவின் பெயர் வெளியே வந்தது. புறூனோ வயிறு பனியில் உரச என்னை நோக்கி ஊர்ந்தது. வாரைப் பிடித்தபடி அக்கா முழங்கைகளை ஊன்றி, படுத்தபடியே வந்து சேர்ந்தார். மணிக்கட்டில் தோல் இல்லை.

காப்பகத்தில் "நாய் ஏன் ஓடியது?" என்று கேட்டார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "நாயில் பிழையில்லை" என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் நம்பவில்லை. புறூனோவின் கூட்டில் சிவப்பு அட்டை ஏறியது. வெளியார் யாரும் இனிக் கூட்டிப்போக முடியாது.

பஸ்ஸில் சொன்னார்: "நான் சொன்னா அது கோள். நீயாச் சொல்லு. சொல்லுற அண்டைக்கு நானும் வாறன்."

பரீட்சை முடியட்டும் என்றேன். கோடை போகட்டும் என்றேன். அவர் திரும்பக் கேட்கவே இல்லை. சனிக்கிழமைப் படம் எங்கே என்று அந்தப் பெண்மணி ஒரு வருடமாகக் கேட்டிருக்கிறார். ஒரு வருடமாக அக்கா ஏதோ பதில் சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

போன செவ்வாய் காப்பகத்துக்குத் தனியே போய்ச் சொன்னேன். அந்தக் காணொளியையும் காட்டினேன். அதில் என் சிரிப்புக் கேட்கிறது. அட்டையை இன்னும் கழற்றவில்லை, யோசிக்க வேண்டுமாம். முதியோர் இல்லத்துக்கும் போனேன். அந்தப் பெண்மணி என்னைத் திட்டவில்லை. "புறூனோ மெலிந்துவிட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது உங்கள் பயத்தைத்தான். ஒரு சீவனை நம்பிக் கையில் தந்தால் வருகிற அந்தப் பயம் என்னிடம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.