ஐம்பத்தாறு டிகிரி

எங்கள் லேபில் செவ்வாய்க்கிழமை என்றால் கர்ப்பிணிப் பெண்கள் வரும் நாள். ஐயம்பேட்டையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். ரத்தம் எடுத்து, மெஷினில் சுழற்றி, மேலே தெளியும் சீரத்தைச் சின்னக் குழாய்களில் பிரித்து, ஐம்பத்தாறு டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைப்பேன். பால்வினை நோய் இருக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனை அது. சீரத்தில் காம்ப்ளிமென்ட் என்று சில புரதங்கள் இருக்கின்றன. அவை சோதனையைக் குழப்பும் என்பதால் முதலில் சூட்டில் சாகடித்துவிடுகிறோம். பதினெட்டு வருஷமாகச் சாகடித்திருக்கிறேன். அவை உடம்புக்கு என்ன செய்கின்றன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தவள் என் தங்கை. செவிலிமேட்டில் என்னோடுதான் இருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். முப்பத்துநாலு வயதில் கழுத்தில் நெறி கட்டியது. லிம்ஃபோமா, அதாவது நெறி கட்டும் இடங்களில் வரும் புற்றுநோய். சென்னை டாக்டர் கீமோவோடு ஒரு ஆன்டிபாடி மருந்தும் ஏற்றினார். அந்த மருந்து புற்றுசெல்லின் மேல் ஒட்டிக்கொண்டு ஆளை அடையாளம் காட்டும். உடனே ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் கூடிவந்து செல்லில் ஓட்டை போட்டுக் கொல்லும். நான் வெந்நீரில் கொன்றுகொண்டிருந்த அதே ஆசாமிகள்தான்.

கட்டி கரைந்தது. பிறகு திரும்ப வந்தது. காம்ப்ளிமென்ட் தீர்ந்துபோயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குறைவாக இருந்தால் அது நிறைந்த, பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை ஏற்றி மருந்தை மறுபடி முயலலாம் என்றார் டாக்டர். சீரத்தைப் பிரித்து ஐஸில் வைத்து அனுப்பச் சொன்னார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு நானே ரத்தம் எடுத்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. என்னைவிட யாருக்குத் தெரியும் என்ற திமிர்.

சனிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. காம்ப்ளிமென்ட் செயல்பாடு அறவே இல்லை. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"அப்ப மருந்து மேல தப்பு இல்ல. என் உடம்பு மேலயும் தப்பு இல்ல. ஆளு பத்தல, அவ்ளோதான்கா" என்றாள் தங்கை. பல வாரங்களுக்குப் பிறகு இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பீரோவிலிருந்து கம்பெனி யூனிஃபார்மை எடுத்து இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினாள்.

அடுத்த செவ்வாய் வந்தது. அரை மணி முடிந்து, கர்ப்பிணிகளின் குழாய்களை வெந்நீரிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக ஈரம் துடைத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. போன வாரம் தங்கையின் குழாயையும் ஐஸில் வைப்பதற்கு முன் இப்படித்தான் துடைத்தேன். வெந்நீருக்குப் போகாத குழாயில் ஈரம் எங்கிருந்து வரும்? கைப்பழக்கத்தில் அதையும் மற்றவற்றோடு சேர்த்து முக்கியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

டாக்டருக்கு உடனே போன் செய்தேன். சாயங்காலம் அவளிடமும் சொல்லி, மறுபடி ரத்தம் எடுத்தேன். இந்தத் தடவை வந்த ரிப்போர்ட்டில் காம்ப்ளிமென்ட் சரியாக இருந்தது. குறையே இல்லை. பிளாஸ்மா ஏற்றிப் பயனில்லை என்றார் டாக்டர். புற்றுசெல்கள் காம்ப்ளிமென்ட்டிடம் தப்பிக்கக் கற்றுக்கொண்டிருக்கலாம் என்றார். சில புற்றுகளில் காம்ப்ளிமென்ட்டே கட்டியைச் சுற்றி நின்று, அழற்சியை மூட்டி, அது வளர ஒத்தாசையும் செய்துவிடுமாம்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்.

"அப்ப எல்லாரும் இருந்துக்கினேதான் இப்படி ஆயிடுச்சாக்கா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சிடுமா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் திட்டவில்லை. எழுந்துபோய் யூனிஃபார்மை ஆணியிலிருந்து எடுத்து மடித்தாள்.

"மூணு நாள் நல்லா தூங்கினேன்கா. இன்னும் ஒரு வாரம் கழிச்சு சொல்லியிருந்தா என்னா?"

இரண்டு மாதத்தில் போய்விட்டாள். குழாயை வெந்நீரில் வைத்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சொன்னதற்குக் கேட்கவில்லை.