அட்டை கிழிச்ச பாட்டுப் பத்திரிகை

கண்டக்டரோட ஓடிட்டாளாம்! சொல்ற வாய்க்கு ஒரு அளவு வேணாமா? லயத்துல அடுத்த காம்பிரா வீட்டுல இருந்துக்கிட்டு சுவத்துல காது வச்சுத்தானே வாழுற, அம்மாக்கண்ணு, கேட்டதையாவது சரியாச் சொல்லு. எம்பேத்தி ஜெயந்தினி ஹட்டன் துணிக்கடைக்கு வேலைக்குப் போறப்போ பஸ்ஸுல அந்தக் கண்டக்டர்கிட்ட பேசினது உண்மை. என்னா பேசினா? பொகவந்தலாவைக்குப் போற புத்தகக் கட்ட எந்தக் கடையில எறக்கணும், லிந்துலைக்கு உள்ளத எந்த பஸ்காரன்கிட்ட மாத்திவிடணும், அதுதான்.

அவ போட்டது பாட்டுப் பத்திரிகை. சினிமாக்காரன் படம் ஒன்னும் இல்ல. நம்ம தோட்டத்துல தப்பு அடிக்கிறவங்க, காமன்கூத்து பாடுறவங்க, ராப்புன்னு கத்துற பொடியங்க, இவங்க கதை. நல்லதண்ணி சீசன் தொடங்கறதுக்குள்ள அச்சடிச்சு, மலை ஏறிச் சாமி கும்பிட வர்ற சனத்துக்கிட்ட விக்கணும், அங்க தோழி ஷாமிலா கடையில சீசன் முடியிற வரைக்கும் நிக்கணும்னு இருந்தா.

அதுக்குள்ள வந்தான் தோட்டத் தலைவரு சோலைமலை. கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிச்சாலும் தன் படத்த ஒட்டுற ஆளு.

"பாப்பா, காலையில வேலைக்கு ஆளு கூடுற பெரட்டுக்களத்துல வச்சு நானே எல்லாருக்கும் குடுத்துடுறேன். அட்டையில நம்ம போட்டோவ மட்டும் போட்டுடு."

"நீங்க என்னா வாத்தியம் வாசிப்பீங்க, தலைவரே?"

பீலியில தண்ணி புடிச்ச பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. நீயுந்தான் சிரிச்ச, அம்மாக்கண்ணு.

அவன் நேரா அச்சகத்துக்குப் போய், அவதான் அனுப்புனான்னு சொல்லி அட்டைய மாத்திட்டான். தலைவரு சொன்னா சரின்னு அந்த அச்சுக்காரனும் போட்டுட்டான். கட்டப் பிரிச்சா, மாலை போட்டுக்கிட்டு சோலைமலை! அட்டை முழுக்க இருக்க வேண்டிய தப்புக்காரர் பொன்னையா கீழ மூலையில, முத்திரை அளவுக்கு.

புள்ள அழல. "கிழி அம்மாயி"ன்னா. எனக்கு எழுத்துத் தெரியாது, அவன் மூஞ்சி தெரியாதா? ரெண்டு பேரும் உக்காந்து அம்புட்டு அட்டையையும் உரிச்சோம். அடுப்பு நல்லா எரிஞ்சிச்சு.

விடிஞ்சதும் வாசல்ல வந்து நின்னான். "என் படத்தக் கிழிச்சவ புத்தகம் இந்தத் தோட்டத்துல ஒருத்தன் கைக்கும் போகாது."

"தோட்டத்த நீங்களே வச்சுக்கங்க. ரோட்டுல பஸ் ஓடுது."

அட்டை இல்லாத கட்ட அவ தலையில ஏத்திவிட்டேன். "கொஞ்சம் நகருங்க"ன்னா. படத்துல நெஞ்ச நிமித்தி நின்ன ஆளு, சுவத்தோட ஒட்டிக்கிட்டான். அவ படி எறங்கி, நல்லதண்ணி பஸ்ஸுக்கு நடந்துட்டா; சீசன் முடிஞ்சாத்தான் வருவா.