லீலி சென்ட்டில் ஒரு சொட்டுக் கோயில்

ஸ்பிரிட்டின் குளிர்ச்சிதான் முதலில் மூக்கில் ஏறும்… அதற்குப் பின்னால்தான் பூ வரும். ஜார்ஜ் டவுனில் நான் வேலை பார்த்த மருந்துக்கடையின் பின்னறை அப்படித்தான் மணக்கும்.

மதராஸில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அப்போதுதான் கப்பலில் எங்கள் தீவுக்குத் திரும்பியிருந்தேன். அப்பா மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் வேலை நிலைக்காவிட்டால் கல்யாணப் பேச்சு. கடைக்கார ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், சென்ட் கலப்பதில் கெட்டிக்காரர். அவர் எனக்கு வைத்த பரீட்சை, லீலி சென்ட்.

லீலிப் பூவிலிருந்து எண்ணெய் எடுக்க வராது, தெரியுமோ? வேறு பூக்களைக் கொண்டுதான் அதைக் கட்ட வேண்டும். மல்லிகை, கெனாங்கா, கொஞ்சம் ரோஜா… வாரக்கணக்கில் கலந்தேன். கடைசியில் என் மூக்குக்குச் சந்தேகமே இல்லை, லீலிதான்.

ஐயா புறங்கையில் ஒரு சொட்டு விட்டு மணந்து பார்த்தார்.

“பிள்ளை, உது பூ இல்லை. உங்கட கோயில்.”

“ஐயா?”

“நீர் லீலியை எங்க கண்டனீர்?”

“ஈஸ்டருக்குப் பீடத்துலதான், ஐயா.”

“அதுதானே! சாம்பிராணிப் புகையோட சேத்தெல்லோ மணந்திருக்கிறீர். பூவைத் தனியா ஒருக்கா பாத்திட்டு வாரும்.”

உண்மைதான். லீலி என்று நினைத்துக்கொண்டு சாம்பிராணி எண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்தேன்.

தவணைக்கு நாலே நாள். மலை ரயில் ஏறினேன். மேலே ஒரு பங்களாத் தோட்டத்தில், பனியில் நனைந்து நின்றது லீலி. முகத்தையே உள்ளே விட்டேன். தோட்டக்கார அண்ணன் சிரித்தார்.

“தங்கச்சி, மூக்கெல்லாம் மஞ்சளாயிருச்சு லா! கழுவுனாலும் லேசுல போகாது!”

முதலில் ஒடித்த பச்சைத் தண்டு. பிறகு பால்போல ஓர் இனிப்பு. அடியில்… கிராம்பு! பாலிக் புலாவில் விளைகிற நம் கிராம்பு. எனக்குத் தோன்றவே இல்லையே.

சாம்பிராணியை நீக்கி, கிராம்பெண்ணெய் துளி சேர்த்தேன். பூ வந்துவிட்டது. ஆனால் கையில் தடவினால், நம் ஊர் வெயிலுக்கு அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. வேறு வழி தெரியாமல் சாம்பிராணி ஒரே ஒரு சொட்டு விட்டேன்.

கடைசி நாள். ஐயா காலையில் தடவிக்கொண்டு, கடை சாத்தும்போதுதான் மணந்தார்.

“கோயில் இன்னும் ஒரு சொட்டு கிடக்குது.”

நான் புட்டியைத் திரும்ப எடுக்கப் போனேன்.

“கிடக்கட்டும். அதுதான் பூவைப் பிடிச்சு வைச்சிருக்குது. நாளைக்கும் எட்டு மணிக்கு வந்திடும்.”

கல்யாணம் பிறகு நிதானமாக நடந்தது. இப்போது மகளுக்குப் பதினாலு மாதம். அன்று ஒரு சொட்டு கூடுமா குறையுமா என்று கவலை… இன்று காய்ச்சல் ஏறுமா இறங்குமா என்று. அவள் தும்மினாலே பதறுகிறேன். சென்ட் பக்கமே போவதில்லை.

நேற்று பெட்டிக்குள் அந்தப் பழைய புட்டி அகப்பட்டது. என் காதுக்குப் பின்னால் விரல் நுனியளவு வைத்துவிட்டு, தும்முகிறாளா என்று பார்த்திருந்தேன். இல்லை. என் கழுத்தில் மூக்கைப் புதைத்துத் தூங்கிப்போனாள்.

என்மேலோ பால் வாடை, ஓமத் தண்ணீர், தைலம்… இவளுக்கு லீலி என்றால் இனி இதெல்லாம் சேர்ந்ததுதான். ஒருநாள் மலைக்குக் கூட்டிப்போய்ப் பூவைத் தனியாகக் காட்ட வேண்டும்.

அவசரமில்லை.