சாய்த்து வைத்தால் நுழையும் விமானம்: சிங்கப்பூரில் மூன்று நாள்

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போனேன். மூன்று நாள். சுற்றிப் பார்க்க அல்ல. ஒரு கடற்படைக்குப் போர் விமானம் தேர்ந்தெடுக்க.

கற்பனைக் கடற்படை. மாணவர்களுக்கான போட்டி. அந்தக் கடற்படையிடம் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள்: ஒன்று பழையது, ஒன்று புதியது. இரண்டிலும் இயங்கக்கூடிய ஒரே விமானத்தைச் சொல்ல வேண்டும். பெயரை மறைத்து மூன்று விமானங்களின் விவரம் கொடுத்திருந்தார்கள். நானும் ஷர்மிளாவும் விமானப் பொறியியல் இறுதி ஆண்டு. நான்கு மாதம் உழைத்து முப்பத்திரண்டு பக்க அறிக்கை அனுப்பியிருந்தோம். முதலிடம் வந்தால் இருவருக்கும் ஆறு மாத ஆய்வுப் பயிற்சி. படிப்பு முடிந்தபின் எங்கள் இருவர் கையிலும் வேறு எதுவும் இல்லை.

ஷர்மிளாவின் பாஸ்போர்ட் நேரத்துக்கு வரவில்லை. நான் மட்டும் கிளம்பினேன்.

திருச்சியிலிருந்து நேரடி விமானம், நான்கு மணி நேரம். சாங்கி விமான நிலையத்தில் இறங்கி எம்ஆர்டி ரயில். ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, அடுத்த நிலையம் புக்கிட் பாத்தோக். ஒன்றேகால் மணி நேரம், இரண்டு வெள்ளி நாற்பது காசு (சிங்கப்பூர் டாலரை அங்கே வெள்ளி என்பார்கள்). தங்கியது ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டில். எங்கள் பங்குச் சாமியார் மூலம் கிடைத்த அறை. ஒன்பதாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே மழையும் மூங்கில் கம்பில் துணியும்.

ரயிலில் அறிக்கையை மறுபடி படித்தேன். அதில் எனக்குப் பெருமை தந்த இடம் நான்காம் அத்தியாயம். முதல் விமானம்தான் மூன்றில் சிறந்தது. இரண்டாம் விமானத்தைவிட அரை டன் கூடுதல் ஆயுதத்தோடு கப்பலின் வளைந்த முகப்பிலிருந்து எழும்பும். ஒரே குறை: சிறகு மடங்காது. குறுக்கே பத்து மீட்டர் தொண்ணூறு. பழைய கப்பலில் விமானத்தை மேல்தளத்துக்கும் கீழே நிறுத்திவைக்கும் ஹேங்கருக்கும் ஏற்றி இறக்கும் லிஃப்ட்டின் அகலம் பத்தே மீட்டர். நேராக நுழையாது. இருபத்தைந்து டிகிரி சாய்த்து நிறுத்தினால் நுழையும். ஷர்மிளா கண்டுபிடித்த கணக்கு. அழகான கணக்கு. மூன்றாம் விமானம் எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையாது.

ஞாயிறு காலை பதினொன்றரைக்கு லிட்டில் இந்தியா. புக்கிட் பாத்தோக்கிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அன்றுதான் தீவின் எல்லாப் பட்டறைகளுக்கும் கட்டுமானத் தளங்களுக்கும் விடுமுறை. பஃபலோ ரோட்டில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. எனக்குப் பிடித்திருந்தது.

ரூபன் தேக்கா சந்தை வாசலில் நின்றான். பத்தாவது வரை என் வகுப்பு. இப்போது ஒரு கப்பல் பட்டறையில் ஃபிட்டர். பூன் லே பக்கம் தொழிலாளர் டார்மிட்டரியில் வாசம்.

"என்ன மேடம், போர் விமானம் வாங்க வந்துருக்கீங்களாமே. பேரம் பேசத் தெரியுமா?"

மட்டன் பிரியாணி, தட்டு ஏழு வெள்ளி. சாப்பிட்டுக்கொண்டே டிஷ்யூ தாளில் லிஃப்ட்டை வரைந்து காட்டினேன். சாய்த்த விமானத்தையும். அவன் பார்த்தான். எலும்பைக் கீழே வைத்தான்.

"சரி, ஏறிடுச்சு. கீழ போயிடுச்சு. வெளிய எப்படி வரும்?"

"அதே மாதிரிதான்."

"அதே மாதிரின்னா?"

டிஷ்யூ தாளைத் திருப்பிப் பார்த்தேன். வெளியே வரும் வழியும் அதில் இருப்பதாக நினைத்திருந்தேன்.

"எங்க யார்டுல ஒரு பம்ப் உள்ள போகணும்னா மொதல்ல பிளைவுட்ல அதே சைஸுக்கு ஒரு டம்மி செய்வோம். கேட்டுலேருந்து அது உக்கார்ற எடம் வரைக்கும் தூக்கிட்டு நடப்போம். எங்க முட்டுதோ அங்க சாக்பீஸ் கோடு. டிராயிங்ல நுழைஞ்ச எத்தனையோ பம்ப் கப்பல்ல நுழைஞ்சதில்ல ஜெனி."

"நாளைக்குப் போட்டி ரூபன்."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமதானே. வா."

சிராங்கூன் ரோட்டுக் கடையொன்றில் மாஸ்கிங் டேப், இரண்டு வெள்ளி. மின்சாமான் கடையின் பின்பக்கம் வாஷிங் மெஷின் வந்த இரண்டு அட்டைப்பெட்டிகள், சும்மா. இரண்டே முக்காலுக்கு ரயில். நாங்கள் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஸ்டெல்லா ஆன்ட்டி பிளாக்கின் கீழ்த்தளத்தில், திறந்த சிமெண்டுத் தரையில், பத்தில் ஒரு பங்கு அளவில் டேப் ஒட்டினோம். லிஃப்ட் ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். மூன்று பக்கம் சுவர். நான்காவது பக்கம் ஹேங்கருக்குள் போகும் கதவு. அதுவும் லிஃப்ட் அகலமே. ரூபன் அட்டையில் விமானத்தை வெட்டினான். நேர்க்கோட்டில் வெட்டும் கை. எனக்கு வராது.

ஆன்ட்டி கீழே வந்தார். "என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? தரையில டேப் ஒட்டுனா யாராச்சும் கம்ப்ளெயின் பண்ணுவாங்க லா. போறப்ப சுத்தமா எடுத்துடுங்க." சொல்லிவிட்டுக் கல் மேசையில் உட்கார்ந்தார். மேலே போகவில்லை.

அட்டை விமானத்தைச் சாய்த்து வைத்தேன். நுழைந்தது. விரலளவு இடைவெளிகூட மிச்சம். அப்படியே கதவு வழியாகத் தள்ளினேன். வெளியே வந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

"வந்துருச்சே" என்றார் ஆன்ட்டி.

"நீ கையால தள்ளுற" என்றான் ரூபன். "அதுக்கு வீல் இருக்குல்ல? வீலு பக்கவாட்டுல உருளுமா? மூக்கு பாக்குற பக்கம்தான் போகணும். இப்பத் தள்ளு."

மூக்கு பார்த்த பக்கம் தள்ளினேன். கதவு நிலையில் முட்டியது. பின்னால் இழுத்தேன். வால் சுவரில். கொஞ்சம் நேராக்கினேன். சிறகு டேப்புக்கு வெளியே போனது. முழுக்க நேராக்கினால் இரண்டு பக்கமும் நாலரை சென்டிமீட்டர் வெளியே. நிஜத்தில் நாற்பத்தைந்து. நிஜத்தில் இரும்புச் சுவர்.

இருபது நிமிடம் தள்ளினேன். முழங்கால் வலித்தது. உள்ளே போன விமானம் வெளியே வராது.

பிறகு இரண்டாம் விமானத்தை வெட்டினோம். கனமானது, அரை டன் குறைவாகத் தூக்கும், அழகில்லாதது. சிறகை மடித்தால் எட்டு மீட்டர் தொண்ணூறு. நேராக நுழைந்தது. நேராக வெளியே வந்தது. ஆன்ட்டி கைதட்டினார். எனக்குத் தட்டத் தோன்றவில்லை.

ஐந்தே முக்காலுக்கு ஷர்மிளாவைக் கூப்பிட்டேன். சொன்னேன்.

"நாலாவது அத்தியாயம் முழுக்க நான் எழுதுனது."

"தெரியும்."

"வீடியோ எடுத்து அனுப்பு."

அனுப்பினேன். தரையிலிருந்து டேப் உரித்தேன். ஆறு நிமிடத்தில் அழைப்பு.

"மாத்து. முப்பத்திரண்டு பக்கத்து மேல ஒத்தத் தாள வைக்கப்போற. தைரியம்தான்டி உனக்கு."

போட்டி விதிப்படி திங்கள் காலை ஒன்பதுக்குள் ஒரே ஒரு திருத்தத் தாள் கொடுக்கலாம். எழுதினேன். தேர்வு: இரண்டாம் விமானம். கடைசி வரி: சோதனை முறை, ரூபன், கப்பல் பட்டறை ஃபிட்டர்.

திங்கள் காலை ஏழரைக்கு அட்டை விமானத்தோடு ரயில். முதல் விமானத்தின் சிறகு டிக்கெட் கதவிலும் நுழையவில்லை. தலைக்கு மேல் தூக்கிப் போனேன். பூன் லேயில் இறங்கி பஸ், பதினைந்து நிமிடம், போட்டி நடக்கும் பல்கலைக்கழகம்.

பதினொரு குழுக்கள். நான் ஏழாவது. எனக்குச் சற்று முன் பேசிய இரண்டு குழுக்களும் அதே சாய்வுக் கணக்கைக் கண்டுபிடித்திருந்தார்கள். திரையில் விமானம் சுழன்று சுழன்று லிஃப்ட்டில் இறங்கியது. பெரிய கைதட்டல். ஒன்பது மணிக்குக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்க முடியாது என்பது அப்போது நிம்மதியாக இருந்தது.

மேடையில் ஏறியதும் சொன்னேன்: "எங்கள் அறிக்கையும் இதையேதான் சொல்கிறது. அது தவறு."

தரையில் டேப் ஒட்டினேன். இரண்டு நிமிடம் போனது. மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். நடுவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கடற்படைப் பொறியாளர். உயரமானவர். அவரிடம் அட்டையைக் கொடுத்து, மூக்கு பார்க்கும் பக்கம் மட்டும் தள்ளி வெளியே கொண்டுவரச் சொன்னேன். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மண்டியிட்டார். தள்ளினார். முட்டியது. இழுத்தார். முட்டியது. சிரிப்பு நின்றிருந்தது. மற்ற நடுவர்கள் எழுந்து வந்து குனிந்தார்கள்.

"சக்கரத்தின் கீழே தள்ளுவண்டி வைத்தால்?" தரையிலிருந்தே கேட்டார்.

"ஆடும் கப்பலில் ஒவ்வொரு விமானத்தையும் தூக்கி வண்டியில் ஏற்றி இறக்க வேண்டும். அவசரத்தில் எத்தனை விமானம் மேலே வரும்?"

"கதவை அகலப்படுத்தினால்?"

இதற்கு ரூபன் முந்தின நாளே பதில் சொல்லியிருந்தான். "அது கதவு மட்டுமல்ல. மேல்தளத்தைத் தாங்கும் சட்டம். வெட்டினால் கப்பல் நீண்ட காலம் பட்டறையில் நிற்கும். அதுவரை இந்தக் கடற்படைக்கு ஒரே கப்பல்."

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "உட்காருங்கள்" என்றார். வேறு கேள்வி இல்லை.

நாலரைக்கு முடிவு. முதலிடம். நாங்கள்.

அந்தப் பொறியாளர்தான் அறிவித்தார். திருத்தத் தாளை முழுக்க வாசித்தார். கடைசி வரியையும். ரூபனின் பெயர் அந்தக் குளிர்ந்த மண்டபத்தில் ஒலிபெருக்கியில் கேட்டது. நான் போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்ததில் படத்தில் பாதி கூரைதான்.

இரவு விமானத்துக்கு முன் எழுதிய குறிப்புகள், இப்படிப் போட்டிக்கோ மாநாட்டுக்கோ வருகிறவர்களுக்கு. மூன்று நாளுக்கு அறை தவிர எனக்கு ஆன செலவு எண்பத்து நான்கு வெள்ளி. மேற்குப் பகுதியில் வேலை என்றால் மேற்கிலேயே தங்குங்கள். ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக வையுங்கள். ஊரிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் நண்பர் யாராவது உங்களுக்கு இருப்பார், அவருக்கு அந்த ஒரு நாள்தான். உங்கள் கணக்கை அவரிடம் காட்டுங்கள். ஒரு விமானத்தின் வேகத்தையும் ஆயுதத்தையும் நான்கு மாதம் படித்தேன். ஆட்கள் அதை நடக்கும் வேகத்தில் தள்ளும் நேரத்தை ஒரு நாளும் யோசிக்கவில்லை.

ஷர்மிளாவிடம் முடிவைச் சொன்னபோது அவள் கத்தியதில் சாங்கியில் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். ரூபனுக்கு வீடியோவை அனுப்பியிருந்தேன்; ஷிஃப்ட் முடிந்து அறைக்குப் போய் ஏழு மணிக்குத்தான் கூப்பிட்டான்.

"வீடியோ பாத்தேன். ரூம்ல பதினோரு பேரும் பாத்துட்டானுங்க. மூணு தடவ."

"என்ன சொல்றாங்க?"

"ஒருத்தன் கேக்குறான், கதவ எவன்டா அவ்ளோ சின்னதா வச்சதுன்னு. அது நம்ம யார்டுல வெல்டு பண்ணதில்லன்னு சொல்லிட்டேன்."