கண்ணில் வழிந்த களிம்பு

மகள் பிறந்த பிறகு என் கன்னங்கள் இரண்டிலும் மங்கு விழுந்தது. நான் கால்நடை ஆய்வாளர். குஜிலியம்பாறைப் பக்கம் ஊர் ஊராகப் போய் மாடுகளுக்கு ஊசி போடும் வேலை. வெயில் படப் பட மங்கு கறுத்துக்கொண்டே வந்தது. நான் கண்ணாடி பார்ப்பதைக் குறைத்துக்கொண்டதைக் கணவர் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் சன்ஸ்கிரீன் ஒன்றை வாங்கிவந்து என் கைப்பையில் வைத்தார்.

மறுநாள் கோமாரித் தடுப்பூசி முகாம். அந்தக் கெட்டியான வெள்ளைக் களிம்பைத் தாராளமாகப் பூசிக்கொண்டு போனேன். ஒரு எருமையின் கழுத்தில் ஊசியை இறக்கும் நேரம், வியர்வையோடு களிம்பும் கண்ணுக்குள் வழிந்தது. எரிச்சலில் கண்ணீர் கொட்டியது.

எருமைக்குச் சொந்தக்காரம்மா பதறிப்போனார். "ஏந் தாயி அழுகுற? ஊசி எருமைக்குத்தான போட்ட?"

சுற்றி நின்றவர்களோடு நானும் சிரித்துவிட்டேன். ஆனால் ஒரு வாரத்தில் நெற்றியெல்லாம் பருக்கள். ஆசையாக வாங்கித் தந்தவரிடம் எப்படிச் சொல்வது?

திண்டுக்கல்லில் வழக்கமாகப் போகும் மருந்துக்கடை அக்காவிடம் களிம்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மத்தியானத்துல எண்ணெய் வடியுமா?"

"அப்பளம் பொரிக்கலாம்க்கா."

"அப்ப இது ஒனக்கு ஆகாதும்மா. வறண்ட தோலுக்குப் போடுறது. ஜெல் மாதிரி இருக்கறதப் போடு. மொதல்ல காதுக்குக் கீழ கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாரு. வேர்த்துச்சுன்னா தொடச்சிட்டு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மறுபடி போடணும். மங்கு ஒரேடியாப் போயிரும்னு நெனைக்காத. கறுக்காம இருந்தாலே பெருசு."

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எருமைக்காரம்மா கேட்டதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இம்புட்டு நாளா எனக்காகவா பூசிட்டு இருந்த?" என்றார். ஆமென்று தலையாட்டினேன்.

தினமும் பைக்கில் போய்வருகிற அவருக்கு முகம் காய்ந்து செதில் உதிரும். மீதிக் களிம்பை அவரே எடுத்துக்கொண்டார். எனக்கு ஜெல் ஒத்துக்கொண்டது, பருக்கள் அடங்கின. மங்கு கொஞ்சம் வெளிறியது, போகவில்லை. இப்போது முகாம்களில் யாராவது போட்டோ எடுத்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.