பித்தான் மட்டும்தான் பாக்கி

அந்தத் தையல்காரர் தெருவில் போகிறவர்களின் நிழலைப் பார்த்தே அளவெடுத்துவிடுவார். ஒருமுறை அப்படித் தைத்த சட்டை ஆளைவிட நிழலுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தியதாம். சரி, சரி, இதில் முக்கால்வாசி கைச்சரக்கு. நாடாவை மூன்று தடவை போட்டுவிட்டு, "எதுக்கும் இன்னொரு வாட்டி" என்று நாலாவது தடவையும் போடுகிற மனிதர் அவர். ஆனால் வெட்டிய துணி ஒன்றுகூடப் பிசகியதில்லை என்பது சத்தியம். வெட்டுவதற்குத்தான் நாள் பிடிக்கும்.

துணி கொடுத்தவர்கள் வந்து நின்றால் அவரிடம் ஒரே பதில்தான்: "எல்லாம் முடிஞ்சுது, பித்தான் மட்டும்தான் பாக்கி. அடுத்த வாரம் வாங்க." துணி இன்னும் பொட்டலம் பிரிக்காமல் அலமாரியில் தூங்குகிறது என்று இதற்கு அர்த்தம். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இப்படிக் கேட்டுக் கேட்டே முப்பது வருஷம் சட்டை போட்டவர் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன்.

மச்சான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற வாரமே தூண்டிலும் கையுமாகக் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தார். ஞாயிறு காலையில் கடைக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே குரல் கொடுப்பார்.

"மாப்ளே, வண்டி கிளம்புது. ஏறிக்கிறியா?"

"அடுத்த ஞாயிறு மச்சான்" என்பார் தையல்காரர், மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

"நீ ஒண்ணும் எடுத்துட்டு வர வேணாம்ப்பா. எல்லாம் என்கிட்ட இருக்கு."

அதுதான் சிக்கல். தன் கத்தரிக்கோலை இன்னொருவர் தொட விடாதவர், இன்னொருவர் கத்தரிக்கோலைத் தொடாதவர், இரவல் தூண்டிலைப் பிடிப்பாரா? இதை அவர் மச்சானிடம் சொன்னதும் இல்லை.

ஒருநாள் மச்சான் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மகள் கூப்பிடுகிறாளாம். தனியாகச் சமைத்துத் தின்றது போதும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். அவள் இருப்பதோ கடல் காற்று கனவில்கூட வீசாத ஊர்.

"மாசக் கடைசியில கிளம்பறேன் மாப்ளே. நடுவுல நாலு ஞாயிறு இருக்கு. ஒரு நாளாவது என் பக்கத்துல வந்து நில்லு. மீன் கிடைக்கலேன்னா போவுது. டிக்கெட் கேக்க மாட்டேன்."

தையல்காரரின் கால் மிதிப்பதை நிறுத்திவிட்டது. "வர்றேன் மச்சான். சொந்தத் தூண்டிலோட வர்றேன்."

முதல் ஞாயிறு தூண்டில் கடைக்குப் போனார், கழுத்தில் நாடாவோடு. கடைக்காரம்மா இரண்டு துண்டுகளாக இருந்த கழி ஒன்றைப் பூட்டிக் காட்டினார். "கரையில நின்னு வீசறதுக்குப் பன்னண்டு அடி இருந்தாப் போதும். புதுசா பழகறவங்களுக்கு இதுதான் நல்லது."

தையல்காரர் நாடாவை எடுத்தார். நுனியிலிருந்து அடிவரை அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"நூத்தி நாப்பத்திமூணு இஞ்சிதான் வருது. ஒரு இஞ்சி குறையுதேம்மா?"

"மீன் அளந்து பாக்காதுங்க."

"தோராயமா எடுத்தா எல்லாமே தோராயமாத்தான் போகும்மா. யோசிச்சுட்டு வர்றேன்."

இரண்டாவது ஞாயிறு அந்தக் கழியையே வாங்கினார். தூண்டில் நரம்பு வாங்கும்போது தகராறு. முரட்டுத் துணிக்கு முரட்டு நூல்தானே, பெரிய கடலுக்குத் தடிமனான நரம்புதானே என்பது அவர் கட்சி. "தடிமன் நரம்பு காத்துல தூரமா போகாதுங்க. அலையும் அதைப் பிடிச்சு இழுத்துக்கும்" என்று கடைக்காரம்மா இரண்டு சுருள்களையும் அவர் விரலில் சுற்றிக் காட்டினார். மணலைப் பற்றிக்கொள்ள நாலு கம்பிக்கால் முளைத்த ஈயக்குண்டையும் காட்டினார். "ஒரு ரீலு, ஒரு சுருள், ரெண்டு குண்டு, நாலு முள். போய் வீசிப் பாருங்க. மத்ததைக் கடலே சொல்லித் தரும்."

கடல் சொல்வதைக் கேட்க அவருக்கு நேரமில்லை. இரண்டு சுருளிலும் துண்டு நறுக்கி வாங்கிவந்து வாரம் முழுக்க இழுத்து இழுத்துப் பார்த்தார். மூன்றாவது ஞாயிறு காலை மெல்லிய நரம்பே சரி என்று முடிவாகி, எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அப்போதும் மணி எட்டுதான். மச்சான் கரையில்தான் நிற்பார், போயிருக்கலாம். ஆனால் கழிக்கு உறை வேண்டாமா? ரீலுக்கு ஒரு பை, குண்டுக்கு ஒரு பை, முள் குத்தாமல் இருக்க இரட்டைத் துணி.

"ஏங்க, ஊர்ல இருக்கறவனெல்லாம் சட்டைக்கு அலையறான். நீங்க தூண்டிலுக்குச் சட்டை தெச்சுட்டிருக்கீங்க" என்றாள் மனைவி. "எங்கண்ணன் போறதுக்குள்ள ஒரு தரம் போய் நில்லுங்க. அதுக்கென்ன அளவு வேண்டியிருக்கு?"

மச்சான் கரையிலிருந்து திரும்பும் வழியில் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே, எது வரைக்கும் வந்திருக்கு?"

"எல்லாம் ரெடி மச்சான். பித்தான் மட்டும்தான் பாக்கி."

பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் தையல்காரருக்கே காதில் விழுந்தது. மச்சானும் சிரித்தார், ஆனால் எப்போதையும்விட ஒரு மூச்சு தாமதமாக.

"உறைக்கு நிஜமாவே பித்தான் உண்டா?"

"மூணு."

"அப்போ சரி. அடுத்த ஞாயிறு." சைக்கிள் மணி கேட்டது. தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மகள் வந்து இறங்கினாள். அவளுக்கு இப்போதுதான் லீவு கிடைத்ததாம், மாசக் கடைசிவரை காத்திருக்க முடியாதாம். வெள்ளிக்கிழமை காலை மச்சான் வீட்டு வாசலில் வேன் நின்றது. உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தையல்காரர் ஓடினார். மூன்று பித்தானும் தைத்தாகியிருந்தது. மச்சான் அதை வாங்கி, ஒவ்வொரு பித்தானாகப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"பிரமாதம் மாப்ளே. ஞாயித்துக்கிழமை போய் வீசு. நான் இல்லேன்னா என்ன, கடல் அங்கேயேதானே இருக்கப் போவுது."

வேன் தெருமுனை திரும்பும்போது ஜன்னலிலிருந்து இரண்டு விசில் சத்தம் கேட்டது. பஸ்ஸைக் கிளப்புகிற அதே விசில். தையல்காரர் கையைத் தூக்க மறந்து நின்றார். எந்தத் துணியிலும் தையலுக்கு உள்ளே இரண்டு விரற்கடை விட்டு வெட்டுகிறவர், நாலு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு நூலளவுகூட விடவில்லை.

நாலாவது ஞாயிறு தனியாகப் போனார். மச்சான் நிற்பதாகச் சொல்லும் இடம், உடைந்த படகுக்குப் பக்கத்தில். இன்னொருவர் ஏற்கெனவே தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர். தையல்காரர் பித்தான்களைக் கழற்றி, கழியைப் பூட்டி, முடிச்சுப் போட்டு, மூச்சைப் பிடித்து வீசினார். குண்டு அழகாகப் பறந்தது. நரம்புதான் கூடப் போகவில்லை. காற்றில் சுருண்டு அவர் காலடியிலேயே விழுந்தது.

"முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கலியா?" என்றார் தபால்காரர். "காய்ஞ்ச நரம்பை அப்படியே இறுக்கினா உரசி அறுந்துடும்."

ஆயுசு முழுக்க நூல் முனையை எச்சில் தொட்டே ஊசியில் கோத்தவர் நரம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சான் பக்கத்தில் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வருஷம் கிண்டல் செய்திருப்பார்.

"இங்க என் மச்சான் நிப்பார். கண்டக்டர்" என்றார் தையல்காரர். "ஒத்தைத் தூண்டிலோட தனியா நின்னுட்டுப் போயிட்டார். மூணு ஞாயிறு காக்க வெச்சுட்டேன் அவரை."

தபால்காரர் அந்த உறையைப் பார்த்தார். மூன்று பித்தான்களையும் பார்த்தார்.

"அந்தத் தையல்காரர் நீங்கதானா? மூணு ஞாயிறுன்னு யாருங்க சொன்னது? மூணு வருஷம். ஒத்தைத் தூண்டிலும் இல்லீங்க. ஞாயிறு தவறாம ரெண்டு கொண்டு வருவார். ஒண்ணு வீசிட்டு, இன்னொண்ணை முள் மாட்டாம இந்த மணல்லயே குத்தி வெச்சிருப்பார்."